எக்ஸ்டிராக்டரா, ஒரிஜினல் இரும்பா? பழ லோரிக்கு எது தாங்கும்?

சென்ற மாதம் யோங் பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளைக் கூட்டம். கோயில் மண்டபத்தில்தான் நடந்தது. வீட்டுக் கூரை ஒழுகல், உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்குக் கையுறை என்று எப்போதும் பேசுகிற விஷயங்களைப் பேசி முடித்து, மைலோ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் அம்மா மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தலைவரே, எம்மவன் சிங்கப்பூர்ல ஆறு வருசம் ராத்திரி பகலா ஒழைச்சுக் கொண்டாந்த காசு. அதுல ஒரு பழைய வண்டி வாங்குனான். சரின்னு விட்டேன். இப்ப நல்லா ஓடுற வண்டில இருக்கிற இரும்பைக் கழட்டிப் போட்டுட்டு என்னமோ 'ஸ்டாக்டர்' மாட்டப் போறானாம். நீங்க சொன்னா கேப்பான்."

பையனும் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். "ஸ்டாக்டர் இல்லம்மா, எக்ஸ்டிராக்டர்" என்று தாயைத் திருத்தினான். கைப்பேசியை எடுத்துப் படம் காட்டினான். வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளக்கும் நான்கு குழாய்கள் வளைந்து வளைந்து வந்து கடைசியில் ஒன்றாகச் சேருகின்றன. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு வெள்ளி விலை சொன்னார்களாம். மாட்டுக் கூலி தனி.

தோழர்களே, நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே 2025 பிப்ரவரியில்தான். அதில் முக்கால் பங்குக்குக் கிட்ட ஒரு குழாய்க்குப் போகிறது என்றால், அது பையனுடைய சொந்தக் காசாகவே இருந்தாலும் நாம் நாலு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். இந்தக் கேள்வி அவன் ஒருவனுடையதும் அல்ல. சாஆ, லாபிஸ், பாரிட் சூலோங், ஆயர் ஹீத்தாம் என்று நான் போகிற இடமெல்லாம் நம் பிள்ளைகள் தோட்ட வேலையை விட்டு, பழைய நாலு சக்கர இழுவை வண்டி ஒன்றை வாங்கி, சிறு தோட்டக்காரர்களின் செம்பனைப் பழத்தை ஏற்றிப் பிழைக்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதலில் கை வைப்பது இந்தப் புகைக் குழாயில்தான்.

நான் போமன் அல்ல. ஆனால் அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் பட்டறை ஸ்டோரில் நட்டு போல்ட்டு பொறுக்கி வளர்ந்தவன் நான். தெரிந்தவரைக்கும் சொன்னேன். தெரியாததை மறுநாள் யோங் பெங் டவுனில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் சீனப் போமனிடம் பையனையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சாமான் என்ன என்று பார்ப்போம். இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிந்த புகை வெளியே வர ஒரு துவாரம் உண்டு. நாலு சிலிண்டர் என்றால் நாலு துவாரம். இந்த நாலையும் ஒன்று சேர்த்து ஒரே குழாயில் விடுகிற கனமான வார்ப்பு இரும்புத் துண்டுக்குத்தான் மேனிஃபோல்ட் என்று பெயர். கம்பெனியிலிருந்து வரும்போதே வண்டியோடு வருவது அது. அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துவாரத்துக்கும் தனித்தனியாக ஒரு எஃகுக் குழாய் வைத்து, கொஞ்ச தூரம் தனியாக ஓடவிட்டு, பிறகு ஒன்றாகச் சேர்த்தால் அது எக்ஸ்டிராக்டர். வெள்ளைக்காரன் நாட்டில் இதையே ஹெடர் என்கிறார்கள்.

தனித்தனிக் குழாயால் என்ன லாபம்? யோங் பெங் பெரிய சடக்கோரத்தில் நின்றிருக்கிறீர்களா? எக்ஸ்பிரஸ் பஸ் ஒன்று வேகமாகக் கடந்து போனால் அதன் பின்னால் ஒரு காற்று நம் கைலியைப் பிடித்து இழுக்கும் இல்லையா? அதே கதைதான் இங்கும். ஒரு சிலிண்டரிலிருந்து புகை 'பக்' என்று வெளியேறிக் குழாயில் ஓடும்போது தனக்குப் பின்னால் ஓர் இழுப்பை உண்டாக்குகிறது. குழாயின் நீளமும் அகலமும் சரியாக அமைந்தால் அந்த இழுப்பு சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் உறிஞ்சி எடுத்துவிடும். உள்ளே புதுக் காற்று கூடுதலாக நுழையும். கூடுதல் காற்றோடு கூடுதல் பெட்ரோலும் சேர்ந்தால் கூடுதல் பலம். வார்ப்பு இரும்பு மேனிஃபோல்ட்டில் நாலு புகையும் ஒரே குறுகலான அறையில் முட்டிக்கொள்வதால் ஒன்றின் அழுத்தம் இன்னொன்றைத் தடுக்கிறது. ஆக, எக்ஸ்டிராக்டர் விற்பவன் சொல்வது பொய் அல்ல.

ஆனால் 'எப்போது' என்பதை மட்டும் அவன் சொல்வதில்லை. இந்த உறிஞ்சல் வேலை இன்ஜின் எந்தச் சுற்றில் ஓடுகிறதோ அதைப் பொறுத்தது. கடையில் கிடைக்கும் எக்ஸ்டிராக்டர்களில் பெரும்பாலானவை வேகமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்காகச் செய்தவை. குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். இன்ஜின் அலறுகிற சுற்றில்தான் அவை பலன் தரும். நம் பையன் எங்கே ஓட்டுகிறான்? மழை பெய்து சேறான செம்மண் சடக்கில், ஒன்றரை டன் பழத்தோடு, லோ கியரில், முதலாம் இரண்டாம் பல்லில். அங்கே இன்ஜின் அலறினால் டயர்தான் சுற்றும், வண்டி நகராது.

"தம்பி, உன் வண்டி எந்த இன்ஜின்?" என்று கேட்டேன்.

"பழைய ஹைலக்ஸ் அண்ணே. மூணு எல். டீசல். டர்போ கெடையாது."

சீனப் போமன் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். டொயோட்டாவின் இந்த 3எல் இன்ஜின் 2.8 லிட்டர். அதன் முழுக் குதிரைச் சக்தி சுமார் 91. அது வருவது நிமிடத்துக்கு 4,000 சுற்றில். ஆனால் பாரம் இழுக்கிற முறுக்கு விசை உச்சத்துக்கு வருவது 2,400 சுற்றிலேயே. நாம் வேலை செய்வது இந்தக் கீழ்ப் பக்கத்தில். எக்ஸ்டிராக்டர் உதவி செய்வது மேல் பக்கத்தில்.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று உண்டு. டீசல் இன்ஜினுக்குக் காற்றைக் கட்டுப்படுத்துகிற மூடி கிடையாது. எப்போதும் தேவைக்கு மேலேயே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். பலத்தைத் தீர்மானிப்பது டீசல் பம்ப் எவ்வளவு எண்ணெய் தருகிறது என்பதே. பம்ப்பைத் தொடாமல் புகைக் குழாயை மட்டும் மாற்றினால் காற்று கொஞ்சம் சுலபமாகப் போகும், அவ்வளவுதான். பம்ப்பையும் திருகி எண்ணெயைக் கூட்டலாமே என்றால், கறும்புகை கக்கும், சூடு ஏறும், பிஸ்டன் தலை உருகும் நிலைக்கு வரும். டர்போ இருக்கிற புது டீசல் வண்டிகளின் கதை இன்னும் தெளிவு. அங்கே டர்போ மேனிஃபோல்ட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. புகையின் வேகத்தை வாங்கிச் சுற்றுகிற வேலையை அதுவே செய்கிறது. அதன் பாரத்தைத் தாங்கவும் கனமான இரும்பு வேண்டும். மெல்லிய குழாய்க்கு அங்கே வேலையே இல்லை.

"அப்ப டீசலாவது மிச்சமாவும்ல?" என்று பையன் விடவில்லை. இந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே இரவில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதை யார் மறக்க முடியும்? அதற்குப் பிறகு விலை ஏறி இறங்கினாலும் அந்த அடி வாங்கியவர்கள் சிறு லோரிக்காரர்கள்தான். போமன் சொன்னார்: "ஏர் பில்டர் தட்டு. இன்ஜெக்டர் முனை கழற்றிச் சோதனை செய். டயரில் காற்று பார். அங்கேதான் உன் டீசல் போகுது." எக்ஸ்டிராக்டர் காசில் பாதிகூட இதற்கெல்லாம் ஆகாது என்பது அவர் கணக்கு.

பையன்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. "இன்ஜினுக்குப் பின் அழுத்தம் வேணும், அதான் ஒரிஜினல் நல்லது" என்று சிலர் சொல்வார்கள். இதுவும் அரைகுறை. புகை வெளியேறுவதைத் தடுக்கும் அழுத்தம் எந்த இன்ஜினுக்கும் நன்மை செய்வதில்லை. வேண்டியது புகையின் வேகம். குழாய் குறுகலாக இருந்தால் மெதுவாக ஓடும் இன்ஜினிலும் புகை வேகமாகப் போகும், உறிஞ்சல் நடக்கும். குழாயை அகலமாக்கினால் புகை சோம்பேறியாகி நிற்கும். ஒரிஜினல் மேனிஃபோல்ட்டைச் செய்தவன் இதை யோசித்துத்தான் அளவு வைத்திருக்கிறான். பாரம் இழுக்கிற வண்டிக்குப் பாரம் இழுக்கிற மாதிரி.

மண்வெட்டியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளவா? வேண்டாம், லோரிக் கதைக்கு லோரியே உதாரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் விட்டுப்போன லோரிகளை வாங்கி, வின்ச்சும் கம்பி வடமும் பூட்டி, காட்டில் மரம் இழுக்க விட்டார்கள். சீனர்கள் அதற்கு 'சான் தாய் வோங்', அதாவது மலை ராஜா என்று பேர் வைத்தார்கள். மலாய்க்காரர்கள் பேய் லோரி என்றார்கள். கதவும் இருக்காது, கண்ணாடியும் இருக்காது. ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் நாலு பேர் கட்டிப்பிடிக்கிற மரத்தை இழுத்துக்கொண்டு மலையேறும். பல்லும் பொறுமையுமே அதன் பலம்.

இன்றைய பிள்ளைகள் பார்ப்பது வேறு படம். 1997-இல் நம் நாட்டில் தொடங்கிய ரெய்ன்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் வீடியோக்கள் கைப்பேசியில் ஓடுகின்றன. மழைக்காலத்துக் காட்டில், சேற்றில் புதைந்து, அலறிக்கொண்டு ஏறும் வண்டிகள். அவை உடைந்தால் மறுநாள் மாற்ற சாமான் இருக்கிறது, கூட ஆள் இருக்கிறது, செலவுக்குக் காசு தருகிறவன் இருக்கிறான். நம் பையன் வண்டி உடைந்தால் அன்றைய பழம் சடக்கோரத்தில் கிடக்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும், தரம் குறைத்து விலை போடுவான். ஆகவே நமக்கு முதலில் வேண்டியது உடையாமல் ஓடுவது. வேகம் பிறகு.

இப்போது பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு வருகிறேன். அவர்கள் விஷயத்தில் எக்ஸ்டிராக்டருக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழைய லேண்ட் ரோவர் 2.25 லிட்டர் பெட்ரோல், பழைய லேண்ட் குரூசர் ஆறு சிலிண்டர் எஃப் வகை இன்ஜின் இரண்டிலும் காற்று உள்ளே போகிற மேனிஃபோல்ட்டும் புகை வெளியே வருகிற மேனிஃபோல்ட்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. புகையின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகட்டும் என்று குளிர் நாட்டை நினைத்துச் செய்த ஏற்பாடு. பனி பெய்யும் ஊரில் அது வேண்டும். யோங் பெங் வெயிலில் அதற்கு அவ்வளவு அவசியமில்லை.

லேண்ட் குரூசரின் அந்த நீண்ட இரும்பு வருடக் கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி வளைந்துவிடும், சில நேரம் வெடித்துவிடும். வார்ப்பு இரும்பை வெல்டிங் வைப்பதும் லேசுப்பட்டதல்ல. முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் கம்பி வைத்து ஒட்டி, மெல்ல ஆறவிட வேண்டும். அவசரத்தில் சாதாரணக் கம்பியில் ஒட்டினால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விழும். மாற்றுச் சாமானும் 'பொத்தோங்' கடைகளில் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு, குழாய் நீளமாகவும் ஒல்லியாகவும், வாய்ப்பட்டை தடிப்பாகவும் உள்ள எக்ஸ்டிராக்டர் ஒன்று போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். எஃகுக் குழாயை எந்தப் பட்டறையிலும் ஒட்டலாம், அதுவும் ஒரு வசதி.

வெள்ளத்திலும் வார்ப்பு இரும்புக்கு ஒரு பலவீனம் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 2023 மார்ச் மாதம் யோங் பெங்கை வெள்ளம் சூழ்ந்தபோது பார்த்தோமே. பாரம் இழுத்துப் பழுத்துக்கொண்டிருக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீர் திடீரென்று அடித்தால் அது வெடிக்கலாம். தண்ணீரில் இறங்குமுன் பத்து நிமிடம் வண்டியை மெதுவாக ஓடவிட்டுச் சூட்டைத் தணிப்பது பழைய டிரைவர்கள் வழக்கம்.

குழாய் என்றால் வெடிக்காது என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் ஜீப் செரோக்கி 4.0 லிட்டர் வண்டியில் 1991 முதல் கம்பெனியே குழாய் வகையைப் போட்டு அனுப்பியது. வெடிப்பு விழுவதில் பேர் பெற்ற சாமானாகிவிட்டது அது. 2000-ஆம் ஆண்டு மாடலில் மறுபடி வார்ப்பு இரும்புக்கே போனார்கள். காரணம் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்றாலும் இரும்பு திரும்பி வந்தது வந்ததுதான். அந்த வெடிப்புக்குப் பெரிய காரணமாகப் போமன்கள் சொன்னது இன்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்துப்போவதை. இன்ஜின் ஆடும்போது புகைக் குழாய் மட்டும் அசையாமல் நின்றால் நடுவில் இருக்கிற மெல்லிய குழாய் கிழியும். நம் சடக்கில் குழிக்கும் மேட்டுக்கும் கேட்கவா வேண்டும்?

சூடு என்று சொன்னேனே, அதையும் பாருங்கள். முழுப் பாரத்தில் பெட்ரோல் இன்ஜினின் புகை 700, 800 டிகிரி வரை போகும். கனமான வார்ப்பு இரும்பு அந்தச் சூட்டை ஓரளவு தனக்குள் அடக்கி வைக்கும். மெல்லிய குழாய் பக்கத்தில் இருப்பதையெல்லாம் வறுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார், மின் கம்பி, கிளட்ச் எண்ணெய்க் குழாய், டிரைவரின் கால் வைக்கிற பலகை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. செம்பனைக் காட்டில் ஓடும் வண்டியின் அடியில் காய்ந்த மட்டையும் நாரும் லாலான் புல்லும் போய்ச் சிக்கிக்கொள்வது தினசரி நடப்பு. மாலையில் வண்டியை நிறுத்தியதும் குனிந்து பார்த்து அதைப் பிடுங்கிப் போடாதவன் ஒருநாள் புகை நாற்றம் பிடிக்கப் போகிறான்.

ஆனால் எனக்கு உண்மையில் பயம் தருவது தீ அல்ல, கசிவு.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நடந்தது இது. தோட்டத்துக்கு வெளியே ஒரு கொன்ட்ராக்டரிடம் நமக்கு வேண்டிய தோழர் ஒருவர் டிரைவராக இருந்தார். பழைய பெட்ரோல் வண்டி. கொன்ட்ராக்டர் எங்கேயோ மலிவாக ஒரு எக்ஸ்டிராக்டர் வாங்கி மாட்டியிருந்தார். தோழருக்குத் தினமும் சாயங்காலம் தலைவலி, வாந்தி. வீட்டில் மனைவி சண்டை, "குடிச்சிட்டுத்தான் வர்றீங்க" என்று. மனிதர் தண்ணி தொடாதவர். கிளினிக்கில் வெயில் சூடு என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த அம்மாதான் கண்டுபிடித்தார். "ஞாயித்துக்கிழமை லீவுல மட்டும் இவருக்கு ஒண்ணும் செய்யல, அதெப்படி அண்ணே?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது. போய்ப் பார்த்தால், எக்ஸ்டிராக்டரின் மெல்லிய வாய்ப்பட்டை சூட்டில் வளைந்து, காஸ்கெட் எரிந்துபோய், கறுப்புப் புகை படிந்து கிடக்கிறது. கால் வைக்கிற இடத்தில் தரை ரப்பரில் ஓட்டை. மழைக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த மனிதர் தினமும் விஷத்தைக் குடித்திருக்கிறார்.

பெட்ரோல் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் இரத்தம் பிராணவாயுவைப் பிடிப்பதைவிட இதை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கம், அப்புறம் எழுந்திருக்காத தூக்கம். டீசல் புகையில் இந்த வாயு குறைவு. ஆனால் அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. 2012 ஜூன் மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது. பழம் ஏற்றும்போது மனைவியும் கூட வருகிறாள், சில நேரம் பள்ளி விட்ட பிள்ளையும் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. இதை நினைத்துக்கொண்டு குழாயைத் தேர்ந்தெடுங்கள் என்று பையனிடம் சொன்னேன். அவன் அப்போதுதான் தலை குனிந்தான். போன வருடம் கல்யாணம் ஆனவன்.

ஒரிஜினலும் கசியும், சந்தேகம் வேண்டாம். அதனால்தான் இந்த அடையாளங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை எடுக்கும்போது 'டிக் டிக் டிக்' என்று ஓசை வந்து, சூடானதும் நின்றுவிட்டால் மேனிஃபோல்ட் கசிகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். சூட்டில் இரும்பு விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்வதால் ஓசை நிற்கிறது, கசிவு சரியாகி அல்ல. இன்ஜின் தலையோடு சேருகிற இடத்தில் கரி படிந்திருந்தாலும் அதுவே. கழற்றுவதற்கு முந்தின இரவே துருவெடுக்கும் எண்ணெயை ஸ்டட்டுகளில் விட்டு ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் ஸ்டட் தலைக்குள்ளேயே ஒடிந்துபோகும். அதைத் துளைத்து எடுக்கிற செலவு காஸ்கெட் விலையைவிடப் பல மடங்கு. கழற்றிய மேனிஃபோல்ட்டின் முகத்தில் நேரான இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் இயந்திரப் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்தி, புது காஸ்கெட்டோடு, நடுவிலிருந்து இரு பக்கமும் போகிற வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பூட்ட வேண்டும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துக்குள்ளேயே சுற்றுகிற வண்டி வேறு. ஆலைக்குப் பழம் கொண்டுபோகப் பெரிய சடக்கில் ஏறினால் ஜே.பி.ஜே. கண் படும். மோட்டார் வண்டிச் சத்தத்துக்கு 1987-ஆம் ஆண்டிலிருந்தே சுற்றுச்சூழல் விதிகள் இருக்கின்றன. வணிக லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். மாட்டிய குழாயைப் பரிசோதனைக்காகக் கழற்றி, பழசைப் பூட்டி, பிறகு மறுபடி மாட்டுகிற தோழர்களையும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு காஸ்கெட், இரண்டு ஸ்டட் தண்டம்.

சொந்த வண்டி இல்லாமல் கம்பெனி லோரியும் டிராக்டரும் ஓட்டுகிற தோழர்கள், "இது எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். குழாயைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இல்லை, ஆனால் புகை உங்கள் மூக்கில்தான் ஏறுகிறது. 2019 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் சத்த விதிகளின்படி ஒரு நாள் வேலையில் சராசரி 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் தொழிலாளியை வைக்கக் கூடாது. 82-ஐத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். வெடித்த மேனிஃபோல்ட்டோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் டிராக்டர்காரருக்கு இது பொருந்தாமல் யாருக்குப் பொருந்தும்? 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னொன்றும் வந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. முதலில் எழுத்தில் கொடுங்கள். தேதி, வண்டி எண், என்ன ஓசை, என்ன நாற்றம். ஒரு நகல் கிளைச் செயலாளரிடம் இருக்கட்டும். வாயால் சொன்னதைக் கிராணி மறந்துபோவார், காகிதம் மறக்காது.

பையன் கதைக்கு வருகிறேன். போமன் வண்டியின் மூடியைத் திறந்து, குளிர்ந்த இன்ஜினை எடுக்கச் சொன்னார். 'டிக் டிக்' என்று கேட்டது. பையன் இத்தனை நாளாக அதை டீசல் இன்ஜினின் சாதாரண ஓசை என்றே நினைத்திருக்கிறான். "பலம் இல்லேன்னு சொன்னியே, இதோ" என்று நாலாவது துவாரத்துப் பக்கம் விரலைக் காட்டினார். கரி. ஏர் பில்டரைத் தட்டினால் செம்மண் கொட்டியது. வலது பக்க மவுண்டிங் ரப்பர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அம்மாவுக்கு விஷயத்தைப் போனில் சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அவர் சொன்னது வேறு என்றாலும் நான் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. ஒரு ஸ்டட் ஒடிந்தது, அதற்கு அரை நாள் போனது. முகம் சமப்படுத்தியது, காஸ்கெட், மவுண்டிங் இரண்டு, ஏர் பில்டர் எல்லாம் சேர்த்து எக்ஸ்டிராக்டர் விலையில் பாதியைத் தொடவில்லை. மிச்சக் காசுக்குப் பின்னால் இரண்டு சேற்று டயர் போட்டிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து ஒரு காலைப் பொழுதில் வண்டியை எடுக்கிற ஓசையைப் பதிவு செய்து எனக்கு அனுப்பினான். டிக் டிக் இல்லை. பின்னால் அவன் மனைவி யாரையோ கூப்பிடுகிற குரல்கூடத் தெளிவாகக் கேட்கிறது.

அந்தப் பளபளக்கும் நாலு குழாய்ப் படத்தை மட்டும் கைப்பேசியிலிருந்து இன்னும் அழிக்கவில்லையாம். இருந்துவிட்டுப் போகட்டும்.